ஆளுக்கொரு கணினி ஆசிரியர் வந்துவிட்டால் பக்கத்து பெஞ்ச் எதற்கு?

1913ஆம் ஆண்டு ஒரு பேட்டியில் தாமஸ் எடிசன் அடித்துச் சொன்னார்: பள்ளியில் இனி புத்தகத்துக்கு வேலையில்லை, எல்லாப் பாடத்தையும் சலனப்படமே சொல்லித்தந்துவிடும், பத்தே ஆண்டுகளில் பள்ளிக்கூடம் அடியோடு மாறிவிடும். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. புத்தகமும் இருக்கிறது, பள்ளிக்கூடமும் பெரும்பாலும் பழைய மாதிரியேதான் இருக்கிறது. பின்னால் வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இதே ஆரூடத்தைத் திரும்பச் சொன்னார்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். கல்லூரிகளை இனி இழுத்து மூட வேண்டியதுதான் என்று அப்போதும் பேச்சு அடிபட்டது. இப்படிப்பட்ட இணைய வகுப்புகளில் பெரும்பாலானவற்றில், சேர்கிறவர்களில் பத்தில் ஒருவர் கடைசிவரை வந்தாலே பெரிது என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று.

இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து அதே ஆரூடம் இன்னும் உரக்கக் கேட்கிறது. இந்தத் தடவை நிஜமாகவே மாறுமா என்று கேட்பதற்கு முன்னால், போன தடவைகளில் ஏன் மாறவில்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

சலனப்படம், தொலைக்காட்சி, இணைய வீடியோ எல்லாமே தந்தது ஒன்றைத்தான்: விளக்கம். ஆனால் விளக்கத்துக்குப் பள்ளியில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. புத்தகம் நிறைய அதுதானே இருக்கிறது? பஞ்சம் இருந்தது வேறு இரண்டுக்கு. ஒரு மாணவர் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறார் என்று கவனித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சிக்கிய இடத்தில் கூடவே உட்கார்ந்து மல்லுக்கட்ட ஒரு துணையும் வேண்டும். முதலாவதைத் தருவதற்கு இயந்திரம் ஏறக்குறைய தயாராகிவிட்டது. இரண்டாவதை அது வளர்க்கவும் செய்யலாம், இருப்பதைப் பறிக்கவும் செய்யலாம். நாளைய பள்ளியைப் பற்றிய சங்கதியே இதில்தான் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கவனிக்கிற ஆள்

தனியாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு வித்தியாசம் வரும்? 1984இல் பெஞ்சமின் புளூம் என்ற கல்வி உளவியலாளர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றுவரை பேசப்படுகிறது. சுமார் முப்பது பேர் கொண்ட வழக்கமான வகுப்பில் படித்தவர்களையும், அதே பாடத்தைத் தனி ஆசிரியரிடம் படித்தவர்களையும் அவருடைய ஆய்வு மாணவர்கள் ஒப்பிட்டிருந்தார்கள். தனி ஆசிரியரிடம் படித்த குழுவின் சராசரி மாணவர், வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டி நின்றார். சரி, அப்படியானால் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஆசிரியர் வைக்க முடியுமா? முடியாது. அதற்கு ஈடான பலனைக் குறைந்த செலவில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் புளூம் எழுப்பிய கேள்வி.

பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தென்படவில்லை. 2011இல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தனி ஆசிரியரால் வரும் பலன் புளூம் சொன்னதில் பாதிகூட இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அடிக்கு அடி கூட வந்து திருத்தும் கணினிப் பயிற்சிகள் கிட்டத்தட்ட மனித ஆசிரியருக்குச் சமமாக நின்றன. அப்போது இன்றைய உரையாடும் செயற்கை நுண்ணறிவு கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். 1/2 + 1/3 எவ்வளவு? ஒரு மாணவி 2/5 என்று எழுதுகிறாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். வகுப்பில் இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. நாற்பது நோட்டுகளைத் திருத்துகிற ஆசிரியரால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? கணினியின் கதை வேறு. பின்னக் கூட்டலில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் வழிகளை, அதை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். 2/5 என்ற விடை எந்தத் தடுமாற்றத்திலிருந்து வந்தது என்று அதற்குப் பார்த்தவுடனே தெரியும். உறுதிப்படுத்த 1/4 + 1/5 கொடுக்கும். 2/9 என்று வந்தால் சந்தேகமே இல்லை. உடனே மீச்சிறு பொது மடங்குக்குத் தாவாமல், பகுதிகள் வெவ்வேறாக இருக்கும்போது ஏன் நேராகக் கூட்டக் கூடாது என்ற இடத்துக்கே அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகும்.

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு ஓடுகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்பெட், ஆண்டர்சன் இருவரும் 1990களில் உருவாக்கிய முறை அது. ஒவ்வொரு சின்னத் திறனுக்கும், 'இந்த மாணவிக்கு இது தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் அந்த எண் ஏறும் அல்லது இறங்கும். தெரியாமலே குத்துமதிப்பாகப் போட்டது சரியாகியிருக்கலாம், தெரிந்தவரே கை தவறியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுவார்கள். எண் போதுமான உயரத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த பாடம். காலண்டரைப் பார்த்துப் பாடம் நகர்வதற்குப் பதிலாக, புரிந்ததைப் பார்த்து நகர்கிறது. தனிப்பயன் கற்றல் என்று இன்று பெரிதாகச் சொல்லப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான்.

இது வேலை செய்கிறதா என்றால், இடத்தைப் பொறுத்தது. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு நான்கரை மாதம் பயிற்சி கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. கணிதத்திலும் இந்தியிலும் மாணவர்கள் கண்கூடாக முன்னேறியிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் ஐந்தாம் வகுப்புக் கணக்கே தகராறாக இருக்கும் பிள்ளைக்கு, அந்த ஐந்தாம் வகுப்பு இடத்திலிருந்தே அது ஆரம்பித்ததுதான் காரணம். இன்னொரு பக்கம் பெரு நாடு. பிள்ளைகளுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள். 2012இல் வெளிவந்த மதிப்பீட்டில் கணித, மொழி மதிப்பெண்களில் எந்த மாற்றமும் இல்லை. பெட்டி வந்தது, அதை வைத்து என்ன செய்வது என்ற திட்டம் அதோடு சேர்ந்து வரவில்லை.

விடையைக் கையில் கொடுத்துவிட்டால்

உரையாடும் செயற்கை நுண்ணறிவு வந்தவுடன், முன்கூட்டியே தவறுகளைப் பட்டியல் போடும் வேலை கூடத் தேவையில்லாமல் போனது. எந்தப் பாடத்திலும், எந்த மொழியிலும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கேட்கலாம். "இது கூடத் தெரியாதா?" என்று அது முகம் சுளிக்காது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் ஒரு சிக்கல். துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு கணித ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்குச் சாதாரண உரையாடல் செயலியைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு மாற்றியமைத்த செயலி. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 சதவீதமும், இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தன. அப்புறம் செயலியை வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு வைத்தார்கள். சாதாரணச் செயலியோடு படித்தவர்கள், எதுவும் இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்த நஷ்டம் வரவில்லை. பெரிய லாபமும் இல்லை.

மனசுக்குள் ஒன்று பதிய வேண்டுமானால் அதைத் தேடி எடுக்கிற உழைப்பு நடக்க வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். அந்த உழைப்பை இயந்திரம் செய்துகொடுத்துவிட்டால், வீட்டுப்பாடம் முடியும், படிப்பு நடந்திருக்காது. மறுபக்கமும் சொல்லிவிட வேண்டும்: ஹார்வர்டில் ஓர் இயற்பியல் வகுப்பில் கவனமாக வடிவமைத்த செயற்கை நுண்ணறிவு ஆசிரியரோடு படித்த மாணவர்கள், நல்ல வகுப்பறையில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள் என்று 2025இல் ஒரு ஆய்வு வெளியானது. இரண்டிலும் அடியில் இருப்பது ஒரே வகைத் தொழில்நுட்பம். யோசிக்கிற வேலையை யாரிடம் விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கூட உட்காரும் துணை

அந்த 2/5 மாணவியிடம் திரும்புவோம். இந்த முறை கணினி இல்லை, பக்கத்தில் இன்னொருத்தி இருக்கிறாள்.

"அஞ்சுல ரெண்டா? பாதிகூட இல்லையே அது."

"ஆமா, அதுக்கென்ன?"

"அரைல ஆரம்பிச்சு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கோம். சேர்த்தா எப்படிடி குறையும்?"

இந்தக் கேள்வி பாடப்புத்தகத்தில் இல்லை. விதியைச் சொல்லித் திருத்துவதைவிட ஆழமான இடத்தில் இது தைக்கிறது. கேட்டவளுக்கும் சரியான விடை தெரியாமல் இருக்கலாம். இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து, தனியாக இருந்தால் போயிருக்க முடியாத ஓர் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: தனியாகச் செய்ய முடிவதற்கும், தன்னைவிடக் கொஞ்சம் தெரிந்தவரோடு சேர்ந்து செய்ய முடிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, கற்றல் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

இதை ஒரு பெரிய வகுப்பில் கண்கூடாகப் பார்த்தவர் எரிக் மசூர். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர். நன்றாகப் பாடம் நடத்துகிறவர் என்று பேரெடுத்தவர். ஒரு கனமான லாரியும் சின்னக் காரும் மோதிக்கொண்டால் எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்தும் என்பது போன்ற அடிப்படைக் கேள்விகளைக் கொண்ட ஒரு தேர்வைத் தன் மாணவர்களுக்கு வைத்தார். இரண்டும் சம விசை என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அதை ஒப்பிக்கச் சொன்னால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் சாதாரணமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். பாடம் ஒரு பக்கம், புரிதல் ஒரு பக்கம் என்று ஒரே மண்டைக்குள் தனித்தனியாகக் குடியிருந்திருக்கின்றன. தேர்வு முடிவும் அப்படியே வந்தது. மசூர் ஒரு கேள்வியை இரண்டு விதமாக விளக்கிப் பார்த்தார், முகங்கள் தெளியவில்லை. வேறு வழி தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்றார். அரங்கமே இரைச்சலானது. சில நிமிடங்களில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

1991 முதல் அதையே முறையாக்கினார். ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைப் பதிவு செய்ய வேண்டும், ஆரம்பத்தில் அட்டையைத் தூக்கிக் காட்டி, பின்னால் கையடக்க பொத்தான் கருவியில். சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், உங்களோடு ஒத்துப்போகாத விடை வைத்திருப்பவரைத் தேடி அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள் என்பார். பிறகு மறுபடி ஓட்டு. இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்குத் தான் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது பசுமையாக நினைவிருக்கும். இருபது ஆண்டுக்கு முன்னால் புரிந்துகொண்ட பேராசிரியருக்கு அந்த இடமே மறந்துபோயிருக்கும். அதனால்தான் பக்கத்து பெஞ்ச் சொல்வது ஏறுகிறது.

மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது புதிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. 1789 முதல் எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், பெரிய பையன்களைக் கொண்டு சின்னவர்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797இல் அதைப் பற்றி அவர் எழுதிய பிறகு, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அது பரவியதற்குக் காரணம் குறைந்த ஆசிரியர்களை வைத்து நிறையப் பேரைச் சமாளிக்கலாம் என்பதுதான். போகப் போக அது விவாதம் இல்லாத ஒப்பித்தலாகச் சுருங்கியது.

கூடி உட்கார்ந்தாலே கூடிக் கற்றல் ஆகிவிடாது என்பதற்கு வேறு சான்றும் உண்டு. குழு ப்ராஜெக்ட் செய்த எவருக்கும் இது தெரியும்: ஒருவர் உழைப்பார், மூன்று பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து இதை அளந்தே பார்த்துவிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போயிற்று. 1913இல் அந்த முடிவை வெளியிட்டார். எடிசன் ஆரூடம் சொன்ன அதே ஆண்டு, தற்செயல்தான்.

இதற்கு ஒரு நல்ல மருந்து 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் பிறந்தது. கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து, வகுப்பறை சண்டைக்களமாகிக் கிடந்த நேரம். சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் சொல்லாமல் பாடம் முழுமையாகாது. முன்பு கேலி செய்த பிள்ளையின் வாயைப் பார்த்து இப்போது காத்திருக்க வேண்டும், திக்கித் திணறினால் கேள்வி கேட்டு உதவ வேண்டும். யாரும் சும்மா இருக்க முடியாது, யாரையும் ஒதுக்கவும் முடியாது.

இரண்டையும் ஒட்டவைத்தால்

தனியாகக் கவனிக்கும் இயந்திரத்தையும், கூடிப் பேசும் வகுப்பையும் சேர்த்து யோசிக்கும்போதுதான் எதிர்காலம் எனக்குச் சுவாரசியமாகத் தெரிகிறது. பின்னக் கணக்கில் யார் யாருக்கு எந்தத் தடுமாற்றம் என்று கணினிக்குத் தெரியும் அல்லவா? மசூர் அரங்கத்தில் குத்துமதிப்பாகச் செய்ததை அது துல்லியமாகச் செய்யலாம். 2/5 என்று சொன்னவளையும், 1/6 என்று சொன்னவனையும், 5/6 என்று சரியாகச் சொல்லிவிட்டு ஏன் என்று தெரியாதவளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும்படி ஆசிரியருக்குச் சொல்லலாம். ஆசிரியர் அந்த மேசைக்கு முதலில் போகலாம். இயந்திரம் பிள்ளையோடு பேசுவதைவிட, யார் யாரோடு பேசவேண்டும் என்று சொல்வதில்தான் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது என்பது என் கட்சி.

இன்னொரு வழி, இயந்திரத்தை மாணவராக்கிவிடுவது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவான 'பெட்டியின் மூளை' என்ற மென்பொருளில் பெட்டி என்றொரு கற்பனைச் சிறுமி இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆற்றில் பாசி பெருகினால் பிராணவாயு என்னவாகும், மீன் என்னவாகும் என்று பிள்ளைகள் படம் போட்டு அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். அப்புறம் அவள் தேர்வு எழுதுவாள். அவள் தோற்றால் சொல்லிக்கொடுத்தது எங்கே பிசகியது என்று இவர்கள் தேட வேண்டும். தனக்காகப் படிப்பதைவிட இப்படி இன்னொருவருக்காகப் படிக்கும்போது பிள்ளைகள் கூடுதல் சிரத்தை எடுக்கிறார்கள் என்று இதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவை இந்தப் பாத்திரத்தில் நடிக்கவைப்பது இன்று எளிது. எல்லாம் தெரிந்த ஆசிரியராக இருப்பதைவிட, வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொள்ளும் மாணவராக அது அதிகம் பயன்படக்கூடும்.

தூரமும் மொழியும் தடையாக இருப்பது குறையும். ஐரோப்பியப் பள்ளிகளை இணையவழி இணைத்துச் சேர்ந்து வேலை செய்யவைக்கும் இட்வின்னிங் திட்டம் 2005இலேயே தொடங்கிவிட்டது. அதில் பெரிய இடைஞ்சல் பொதுமொழி. பேசப் பேச எழுத்தாகவும், இன்னொரு மொழியாகவும் மாற்றித்தரும் வசதி மேம்பட மேம்பட, அந்த இடைஞ்சல் இளகும். இதே வசதியால் காது கேளாத பிள்ளை வகுப்பு விவாதத்தை அதே நொடியில் வாசிக்க முடியும். பார்வையற்ற பிள்ளைக்குப் படத்தை விவரித்துச் சொல்ல முடியும். கூடிக் கற்றல் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு வெளியிலேயே நின்றவர்கள் இவர்கள். ஆகவே இந்த மாற்றம் மற்றதைவிடப் பெரிது என்றே சொல்வேன். மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு எரிமலைக்குள் போவதெல்லாம் கண்ணுக்கு விருந்துதான், அதைப் பற்றிப் பேச வேறு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தேர்வும் மாறியாக வேண்டும். வீட்டில் எழுதிய கட்டுரை யாருடையது என்று இனி சொல்ல முடியாது. அதனால் எழுதியதை எதிரில் உட்கார்ந்து விளக்கச் சொல்வது, வரைவுகள் எப்படி வளர்ந்தன என்று பார்ப்பது ஆகியவற்றின் பக்கம் காற்று வீசுகிறது. கூட்டாகச் செய்ததை மதிப்பிடுவது இன்னும் கஷ்டம். 2015இல் பீசா என்ற சர்வதேசத் தேர்வு, சேர்ந்து சிக்கலைத் தீர்க்கும் திறனை முதன்முதலாக அளந்தது. யாரோடு சேர்ந்து என்கிறீர்கள்? கணினிக்குள் இருந்த கற்பனைக் கூட்டாளிகளோடு! எல்லோருக்கும் ஒரே மாதிரித் தேர்வு வைக்க வேறு வழியில்லை என்பது நியாயம்தான். ஆனாலும் சிரிப்பு வராமல் இல்லை.

கெட்டுப்போகக்கூடிய வழிகள்

இப்படியும் ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள், நாற்பது திரைகள், நாற்பது காதுப்பொறிகள். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில், தத்தம் பாடத்தில். ஒருவரும் மற்றவரோடு பேசவில்லை, ஏனென்றால் ஒரே பாடத்தில் இரண்டு பேர் இல்லை. தனிப்பயன் கற்றலை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனால் வருவது இதுதான். சந்தேகம் வந்தால் பக்கத்தில் திரும்புவதைவிடத் திரையைக் கேட்பது எளிது, வெட்கமும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் தப்பாகச் சொல்லலாம், சொல்ல மறுக்கலாம், சண்டை போடலாம். ஆனால் கோபப்படாமல் மறுத்துப் பேசுவதையும், தோற்றால் ஒப்புக்கொள்வதையும் வேறு எங்கே கற்றுக்கொள்வது? முகம் சுளிக்காத இயந்திரத்தோடு அந்தப் பயிற்சி கிடைக்காது.

பிள்ளை என்ன தெரியாமல் விழிக்கிறது, எத்தனை நொடி யோசிக்கிறது என்பதெல்லாம் எங்கோ பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பது அடுத்த கவலை. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கல்வித் துறையில் தரவு அந்தரங்கத்துக்குச் சட்டத்தில் வெளிப்படையாக உத்தரவாதம் தந்திருக்கும் நாடுகள் 16 சதவீதம்தான். பள்ளி ஒரு செயலியை வாங்கும்போது, இதில் சேரும் விவரம் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று கேட்கப் பெற்றோருக்கு எல்லா உரிமையும் உண்டு.

அப்புறம், யாருக்கு இதெல்லாம் கிடைக்கும் என்ற கேள்வி. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரல் வாக்கில் உலகம் முழுக்கச் சுமார் 160 கோடி மாணவர்களின் பள்ளிகள் மூடிக்கிடந்தன. பாடம் இணையத்துக்குப் போயிற்று. அதே ஆண்டு யுனிசெஃப் வெளியிட்ட கணக்கின்படி, 3 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வீட்டில் இணையமே இல்லை. அந்த மாதங்கள் இன்னொன்றையும் காட்டின. இணையம் இருந்த வீடுகளிலும் பிள்ளைகள் ஏங்கியது பாடத்துக்காக இல்லை, கூட்டாளிகளுக்காக.

எல்லோருக்கும் ஆளுக்கொரு கருவி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? கல்வித் தொழில்நுட்ப ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கேள்வியைத் தொடுகிறது. இந்தியக் கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு கணினியைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் பார்த்தார்கள். மவுஸ் எப்போதும் ஒரே பிள்ளையின் கையில். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆளுக்கொரு கணினி தருவதற்குப் பதிலாக, ஒரே கணினியில் ஆளுக்கொரு மவுஸை மாட்டினார்கள். திரையில் ஆளுக்கொரு அம்புக்குறி. 2007இல் வெளியான ஆய்வில், 238 பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தபோது, ஐந்து மவுஸோடு ஒரு கணினியைப் பகிர்ந்துகொண்டவர்கள், தனிக் கணினி கிடைத்தவர்களுக்குச் சமமாகச் சொற்களைக் கற்றிருந்தார்கள்.

அதிலேயே ஒரு நுணுக்கமான சங்கதி உண்டு. பல மவுஸ் முறையை இரண்டு விதமாக வடிவமைத்திருந்தார்கள். ஒன்றில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடலாம். மற்றதில் சேர்ந்து செயல்படும்படி அமைத்திருந்தார்கள். அதே கணினி, அதே மவுஸ்கள், அதே சொற்கள். திரையில் செய்த சின்ன மாற்றத்துக்கே, பிள்ளைகள் நடந்துகொண்ட விதமும் கற்ற அளவும் பெரிதாக வேறுபட்டன. பெண் பிள்ளைகள் எந்த அமைப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றார்கள், பையன்களைத்தான் அமைப்பு அப்படி ஆட்டிப்படைத்தது. பள்ளிக்குப் புதிதாக எந்தக் கருவி வந்தாலும், அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்ற பட்டியலைப் படிப்பதோடு நிற்காமல், அரைமணி நேரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் திரையைப் பார்த்து என்ன செய்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தால், அதை வைத்துக்கொள்ளலாமா திருப்பி அனுப்பலாமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.